டாங்கி மேம்பாடும் புதிய வடிவமைப்பும் (இந்தியா)

டாங்கி மேம்பாடு என்பது படையில் ஏற்கெனவே உள்ள ஒரு முதன்மைப் போர் டாங்கியின் உடற்கூட்டை வைத்துக்கொண்டு, அதன் இயந்திரம், பீரங்கி, கவசம், நோக்குக் கருவிகள் முதலியவற்றை மாற்றிப் புதுப்பித்தலைக் குறிக்கும். புதிய வடிவமைப்பு என்பது உடற்கூடு முதற்கொண்டு முழு ஊர்தியையும் புதிதாக வரைந்து உருவாக்குதல் ஆகும். இவ்விரண்டில் எதைத் தெரிவு செய்வது என்பது டாங்கிப் படை வைத்துள்ள நாடுகள் அனைத்தும் எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

இந்தியாவில் இக்கேள்வி 1970களிலிருந்து தொடர்ந்து எழுந்து வருகின்றது. டி-72 அஜேயா டாங்கிகளின் மேம்பாடு ஒருபுறமும், அர்ஜுன் டாங்கியின் வடிவமைப்பு மறுபுறமும், டி-90 டாங்கிகளின் கொள்முதல் இவற்றுக்கு இடையிலுமாக அரை நூற்றாண்டு கழிந்துள்ளது. இம்மூன்று டாங்கிகளும் சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள ஒரே தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

அடிப்படைகள்

ஒரு டாங்கியின் தரம் மூன்று பண்புகளைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றது. அவை சுடுதிறன், பாதுகாப்பு, நகர்திறன் என்பனவாகும். இம்மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. கவசத்தைக் கூட்டினால் எடை கூடும். எடை கூடினால் அதே இயந்திரத்தைக் கொண்டு முன்போல் விரைந்து செல்ல இயலாது. வலிமையான இயந்திரத்தைப் பொருத்தினால் அதற்கேற்ற பற்சக்கரப் பெட்டியும் குளிர்விக்கும் அமைப்பும் தேவைப்படும். அவற்றுக்கு உள்ளே இடம் வேண்டும். இடத்தைக் கூட்ட உடற்கூட்டைப் பெரிதாக்கினால், கூடுதல் பரப்பை மூடக் கூடுதல் கவசம் வேண்டும். எனவே ஒரு டாங்கியில் எந்த ஒரு பகுதியையும் தனித்து மாற்றிவிட இயலாது.

மேம்பாட்டையும் பெரும் பழுதுநீக்கத்தையும் வேறுபடுத்திப் பார்த்தல் வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய டாங்கியை முழுவதும் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது பெரும் பழுதுநீக்கம் ஆகும். முன்பு இல்லாத திறனைச் சேர்ப்பதே மேம்பாடு. பெரும்பாலும் இரண்டும் ஒரே நேரத்தில் செய்யப்படுகின்றன. டாங்கி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கும்போது புதிய கருவிகளைப் பொருத்துவது எளிதாகவும் செலவு குறைவாகவும் இருப்பதே இதற்குக் காரணம்.

மாற்றக்கூடிய உறுப்புகள்

பொதுவாகப் பின்வருவன மேம்பாட்டின்போது மாற்றப்படுகின்றன:

- இரவில் காண உதவும் வெப்பப் படிமக் கருவிகள்
- தொலைவு, காற்று, இலக்கின் வேகம் ஆகியவற்றைக் கணக்கிடும் சுடுதல் கட்டுப்பாட்டுக் கணினி
- எதிரியின் குண்டு படும்போது வெளிப்புறமாக வெடித்து அதன் வலிமையைக் குறைக்கும் எதிர்வினைக் கவசம்
- இயந்திரம், பற்சக்கரப் பெட்டி
- முதன்மை இயந்திரத்தை இயக்காமலே மின்சாரம் தரும் துணை மின்னாக்கி
- வானொலித் தொடர்புக் கருவிகள், செயற்கைக்கோள் வழிகாட்டி, லேசர் எச்சரிக்கைக் கருவி, தீயணைப்பு அமைப்பு

மாற்ற இயலாத உறுப்புகள்

சில பண்புகள் டாங்கி முதன்முதலில் வரையப்பட்டபோதே முடிவு செய்யப்பட்டவை. உடற்கூட்டின் உட்கொள்ளளவு, சுழல் கோபுரம் அமரும் வளையத்தின் விட்டம், குண்டுகள் வைக்கப்படும் இடம், குழுவினர் அமரும் இடம் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

சுழல் கோபுர வளையம் போதிய அகலம் உடையதாக இருந்தால் பின்னாளில் பெரிய பீரங்கியைப் பொருத்த இயலும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிரித்தானியா உருவாக்கிய செஞ்சூரியன் டாங்கி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 76 மி.மீ. பீரங்கியுடன் தொடங்கிய அது, பின்னர் 84 மி.மீ. பீரங்கியையும் அதன்பின் 105 மி.மீ. பீரங்கியையும் ஏற்றது. பல நாட்டுப் படைகளில் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது.

டி-72 இதற்கு நேர்மாறானது. எதிரியின் கண்ணில் படாதிருக்கத் தாழ்வாகவும், எடை குறைவாகவும் அது வடிவமைக்கப்பட்டது. குண்டேற்றும் வீரருக்குப் பதிலாகத் தானியங்கிக் குண்டேற்றி பொருத்தப்பட்டதால் குழுவினர் மூவர் மட்டுமே. அக்குண்டேற்றியில் 22 குண்டுகள், சுழல் கோபுரத்திற்கு நேர் கீழே, உடற்கூட்டின் தளத்தில் வட்டமாக அடுக்கி வைக்கப்படுகின்றன. மீதிக் குண்டுகள் குழுவினரைச் சுற்றியே வைக்கப்படுகின்றன. கவசம் துளைக்கப்பட்டு இக்குண்டுகள் தீப்பற்றினால் சுழல் கோபுரம் தூக்கி எறியப்படுவதும், குழுவினர் மூவரும் இறப்பதும் நேரிடும். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரிலும், 2022இல் தொடங்கிய ரஷ்ய-உக்ரைன் போரிலும் இது பலமுறை காணப்பட்டது. எதிர்வினைக் கவசத்தைச் சேர்ப்பதால் குண்டு உட்புகும் வாய்ப்பு குறையும். ஆனால் உட்புகுந்தபின் நிகழ்வதை அது மாற்றுவதில்லை. இதனை மாற்ற உடற்கூட்டையே புதிதாக வரைதல் வேண்டும்.

பிற நாடுகளின் பட்டறிவு

இஸ்ரேல் தொடக்கத்தில் வெளிநாட்டு டாங்கிகளை வாங்கி மேம்படுத்துவதையே வழக்கமாகக் கொண்டிருந்தது. செஞ்சூரியன் டாங்கிகளுக்கு 105 மி.மீ. பீரங்கியும் அமெரிக்க டீசல் இயந்திரமும் அந்நாட்டில் பொருத்தப்பட்டன. தனது சீஃப்டன் டாங்கிகளை இஸ்ரேலுக்கு விற்பதில்லை என 1969இல் பிரித்தானியா முடிவு செய்தது. அதன்பின், 1970இல், இஸ்ரேல் தன் சொந்த டாங்கியை உருவாக்க முற்பட்டது. அதன் விளைவான மெர்காவா 1979இல் படையில் சேர்ந்தது. மெர்காவாவின் உடற்கூடு முற்றிலும் புதியது. குழுவினரின் உயிர்ப் பாதுகாப்பிற்காக இயந்திரம் முன்புறம் வைக்கப்பட்டது. எனினும் அதன் முதல் வகையில் இருந்த 105 மி.மீ. பீரங்கியும் இயந்திரக் குடும்பமும் இஸ்ரேலியப் படை பழைய டாங்கிகளில் பயன்படுத்திப் பழகியவையே ஆகும்.

ஐக்கிய அமெரிக்கா 1980இல் படையில் சேர்த்த எம்1 ஏப்ராம்ஸ் டாங்கியைத் தொடர்ந்து மேம்படுத்தி வந்தது. 105 மி.மீ. பீரங்கிக்குப் பதில் 120 மி.மீ. பீரங்கி 1980களிலேயே பொருத்தப்பட்டது. 1,500 குதிரைத்திறன் கொண்ட சுழலி இயந்திரம் அப்படியே இருக்க, டாங்கியின் எடை ஏறத்தாழ 55 டன்னிலிருந்து 66 டன்னுக்கும் மேல் உயர்ந்தது. எடையைக் கூட்டாமல் இனியும் திறனைக் கூட்ட இயலாது எனக் கருதிய அமெரிக்கத் தரைப்படை, திட்டமிட்டிருந்த அடுத்த மேம்பாட்டை 2023 செப்டம்பரில் கைவிட்டது. அதற்குப் பதிலாக எம்1இ3 என்னும் எடை குறைந்த வடிவத்தை உருவாக்குவதாக அறிவித்தது.

பிரித்தானியா 2021 மே மாதத்தில் இடைவழியைத் தேர்ந்தது. சேலஞ்சர் 2 டாங்கிகளுள் 148ஐ, உடற்கூட்டை வைத்துக்கொண்டு, புதிய சுழல் கோபுரத்துடனும் புதிய 120 மி.மீ. பீரங்கியுடனும் சேலஞ்சர் 3 ஆக மாற்ற 80 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது.

ரஷ்யா 2015 மே மாத வெற்றி அணிவகுப்பில் டி-14 அர்மாத்தா என்னும் முற்றிலும் புதிய டாங்கியைக் காட்டியது. இதன் சுழல் கோபுரத்தில் ஆள் இல்லை. குழுவினர் மூவரும் முன்புறத்தில் தனிக் கவச அறையில், குண்டுகளிலிருந்து பிரிக்கப்பட்டு அமர்கின்றனர். டி-72இன் அடிப்படைக் குறையை வடிவமைப்பால் நீக்கும் முயற்சி இது. ஆனால் இந்த டாங்கி பெருமளவில் உருவாக்கப்படவில்லை. உக்ரைன் போரில் ரஷ்யா களமிறக்கியவற்றுள் பெரும்பாலானவை டி-72பி3 போன்ற மேம்படுத்தப்பட்ட பழைய டாங்கிகளே.

இந்தியாவில் வரலாறு

விஜயந்தா

1961இல் பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி விஜயந்தா டாங்கிகளைக் கட்ட ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஆவடியில் ஒருங்கிணைக்கப்பட்ட முதல் விஜயந்தா 1965இல் வெளிவந்தது. 105 மி.மீ. பீரங்கியும் ஏறத்தாழ 39 டன் எடையும் கொண்ட இவ்வகை டாங்கிகள் 1980களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 2,200 கட்டப்பட்டன.

விஜயந்தா இந்தியாவில் வரையப்பட்டது அன்று. வரைபடமும் தொடக்ககால உறுப்புகளும் பிரித்தானியாவிலிருந்து வந்தவை. எனினும் டாங்கி ஒன்றைக் கட்டும் தொழில்நுட்பத்தை ஆவடித் தொழிலாளர்கள் அதன் வழியே கற்றனர். படையிலிருந்து நீங்கிய பின்னும் விஜயந்தாவின் உடற்கூடு பயன்பட்டது. கேட்டபுல்ட் என்னும் 130 மி.மீ. தானியங்கிப் பீரங்கி ஊர்தியும், கார்த்திக் என்னும் பாலம் அமைக்கும் ஊர்தியும் அதனை அடிப்படையாகக் கொண்டவை.

இதே காலத்தில் சோவியத் ஒன்றியத்திலிருந்து பெறப்பட்ட டி-55 டாங்கிகளின் 100 மி.மீ. பீரங்கிகள் 105 மி.மீ. பீரங்கிகளாக மாற்றப்பட்டன. இதனால் விஜயந்தாவுக்கும் டி-55க்கும் ஒரே வகைக் குண்டுகளை வழங்க முடிந்தது. மேம்பாட்டின் பயன் சுடுதிறனோடு நின்றுவிடாமல், குண்டு வழங்கல் முறைக்கும் உரியது என்பதற்கு இது சான்றாகும்.

அர்ஜுன்

இந்தியாவிலேயே ஒரு முதன்மைப் போர் டாங்கியை வடிவமைக்கும் திட்டத்திற்கு 1974 மே மாதத்தில் நடுவண் அரசு 15.50 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. இப்பணி, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் ஆவடியில் இயங்கும் போர் ஊர்திகள் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1995இல் மேம்பாட்டுப் பணி முறைப்படி முடிக்கப்பட்டபோது செலவு 300 கோடி ரூபாயைக் கடந்திருந்தது.

தொடக்கத்தில் 105 மி.மீ. பீரங்கியுடன் ஏறத்தாழ 40 டன் எடையுள்ள டாங்கியே எண்ணப்பட்டது. பணி நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அண்டை நாடுகளின் படைவலிமையும், உலக டாங்கிகளின் தரமும் உயர்ந்தன. அதற்கேற்பத் தரைப்படையின் தேவைப்பட்டியலும் 1980களில் திருத்தப்பட்டது. பீரங்கி 120 மி.மீ. ஆயிற்று. ஐதராபாத்தில் உள்ள உலோகவியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய காஞ்சன் என்னும் கூட்டுக் கவசம் சேர்க்கப்பட்டது. எடை 58.5 டன்னை எட்டியது. உள்நாட்டில் 1,500 குதிரைத்திறன் இயந்திரம் ஒன்றை உருவாக்கும் முயற்சி கைகூடாததால், 1,400 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மானிய எம்.டி.யு. இயந்திரம் பொருத்தப்பட்டது.

தரைப்படைக்காக 124 டாங்கிகள் 2000ஆம் ஆண்டில் கோரப்பட்டன. முதல் டாங்கிகள் 2004இல் ஒப்படைக்கப்பட்டன. 2009இல் 43ஆவது கவசப் படைப்பிரிவு முழுமையாக அர்ஜுன் டாங்கிகளைக் கொண்ட முதல் படைப்பிரிவு ஆனது. ஒப்புதல் அளிக்கப்பட்ட நாளிலிருந்து இதற்கு 35 ஆண்டுகள் ஆயின.

2010 மார்ச்சில் ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனும் டி-90உம் ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. அதன்பின் அதே ஆண்டு மே மாதத்தில் மேலும் 124 டாங்கிகளைப் பெற அரசு முடிவு செய்தது. தரைப்படை கேட்ட மாற்றங்களைச் சேர்த்து உருவான அர்ஜுன் எம்.கே.-1ஏ, 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் தலைமை அமைச்சரால் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய் மதிப்பில் 118 டாங்கிகளுக்கான ஆணை ஆவடித் தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டது. முந்தைய வகையைவிட 72 புதிய கூறுகள் இதில் உள்ளதாகப் பாதுகாப்பு அமைச்சகம் தெரிவித்தது. இவ்வாறு, புதிய வடிவமைப்பாகத் தொடங்கிய அர்ஜுனும் காலப்போக்கில் மேம்பாட்டிற்கு உரிய டாங்கியாக மாறியது.

டி-72 அஜேயா

அர்ஜுன் வரைபலகையில் இருந்தபோதே, 1970களின் இறுதியில், சோவியத் ஒன்றியத்திலிருந்து டி-72 டாங்கிகளை வாங்க இந்தியா முடிவு செய்தது. பின்னர் அவை உரிமம் பெற்று ஆவடியில் அஜேயா என்னும் பெயரில் கட்டப்பட்டன. இவற்றின் இயந்திரங்களைச் செய்வதற்காக ஆவடியிலேயே தனி இயந்திரத் தொழிற்சாலையும் 1980களில் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 டி-72 டாங்கிகள் படையில் சேர்ந்தன. எண்ணிக்கையில் இந்தியக் கவசப் படையின் முதுகெலும்பாக இது விளங்கியது.

1990களில் இதன் குறைகள் வெளிப்படத் தொடங்கின. அகச்சிவப்பு விளக்கின் துணையோடு காணும் பழைய இரவு நோக்குக் கருவி குறைந்த தொலைவுக்கே பயன்பட்டது. மேலும் அவ்விளக்கை எரித்தால் எதிரியின் கருவிகளுக்கு டாங்கியின் இருப்பிடம் தெரிந்துவிடும். சுடுதல் கட்டுப்பாட்டு அமைப்பும் பின்தங்கியதாக இருந்தது. எனவே மேம்பாட்டுத் திட்டம் வகுக்கப்பட்டது. எதிர்வினைக் கவசம், செயற்கைக்கோள் வழிகாட்டி, தீயணைப்பு அமைப்பு, வெப்பப் படிமக் கருவி ஆகியன படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. எதிர்வினைக் கவசம் புனேயில் உள்ள உயர் ஆற்றல் பொருட்கள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. வெப்பப் படிமக் கருவிகள் இஸ்ரேலிலிருந்தும், சுடுதல் கட்டுப்பாட்டு அமைப்புகள் போலந்திலிருந்தும் ஒரு பகுதி டாங்கிகளுக்குப் பெறப்பட்டன.

ஆயினும் எல்லா டாங்கிகளுக்கும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை. இதனால் ஒரே பெயர் கொண்ட டாங்கிகளுக்குள்ளேயே பல நிலைகள் உருவாயின. பயிற்சி, உதிரி உறுப்புகள், பழுதுநீக்கம் ஆகிய மூன்றும் இதனால் சிக்கலாயின.

எடை கூடிய போதிலும் இயந்திரம் 780 குதிரைத்திறன் அளவிலேயே நெடுங்காலம் நீடித்தது. 1,000 குதிரைத்திறன் இயந்திரத்தைப் பொருத்தும் எண்ணம் 1990களிலேயே இருந்தது. எனினும் டி-72 டாங்கிகளுக்கு 1,000 குதிரைத்திறன் இயந்திரங்களைப் பெறும் ஒப்பந்தம் 2025 மார்ச் 7 அன்றுதான் ரஷ்யாவுடன் கையெழுத்தானது. இதன் மதிப்பு 24.8 கோடி அமெரிக்க டாலர் ஆகும். இயந்திரத்தை ஆவடியிலேயே செய்வதற்கான தொழில்நுட்பப் பரிமாற்றமும் இதில் அடங்கும்.

டி-90 பீஷ்மா

1990களின் இறுதியில் பாகிஸ்தான் உக்ரைனிலிருந்து 320 டி-80யுடி டாங்கிகளைப் பெற்றது. அப்போது அர்ஜுன் படையில் சேரும் நிலையை எட்டவில்லை. டி-72 மேம்பாடும் நிறைவடையவில்லை. எனவே 2001 பிப்ரவரியில் ரஷ்யாவிலிருந்து 310 டி-90 டாங்கிகளை வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. இவற்றுள் 124 முழுமையாக வந்தன. மீதி 186 ஆவடியில் ஒருங்கிணைக்கப்பட்டன. பின்னர் உரிமம் பெற்று ஆவடியிலேயே கட்டப்பட்டு, இவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது.

டி-90 உண்மையில் டி-72இன் ஆழ்ந்த மேம்பாடே ஆகும். 125 மி.மீ. பீரங்கி, மூவர் குழு, தளத்தில் அடுக்கப்பட்ட குண்டுகள் ஆகிய அனைத்தும் இதிலும் உள்ளன. கவசமும் நோக்குக் கருவிகளும் மேம்பட்டவை. டி-72 கட்டிய தொழிற்சாலையிலும், ஓட்டிய வீரர்களிடையேயும் இதனை ஏற்பது எளிதாக இருந்தது.

டாங்க்-இஎக்ஸ்

மேம்பாட்டுக்கும் புதிய வடிவமைப்புக்கும் இடைப்பட்ட ஒரு முயற்சியும் ஆவடியில் மேற்கொள்ளப்பட்டது. டி-72இன் உடற்கூட்டின் மீது அர்ஜுனின் சுழல் கோபுரத்தைப் பொருத்தி, 1,000 குதிரைத்திறன் இயந்திரத்துடன் டாங்க்-இஎக்ஸ் என்னும் மாதிரி 2000களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. இதன் எடை ஏறத்தாழ 47 டன். அர்ஜுனின் சுடுதிறனும், டி-72இன் குறைந்த எடையும் ஒன்றிணையும் என எதிர்பார்க்கப்பட்டது. தரைப்படை இதனை ஏற்கவில்லை. மாதிரி நிலையிலேயே இத்திட்டம் நின்றது.

எடையும் திறனும்: ஓர் ஒப்பீடு

இயந்திரத் திறனை எடையால் வகுத்துக் கிடைக்கும் அளவு, டாங்கியின் நகர்திறனைக் காட்டும் எளிய அளவுகோலாகும்.

- டி-72: 41.5 டன், 780 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு 18.8
- டி-72, 1,000 குதிரைத்திறன் இயந்திரத்துடன், எடை மாறாதிருப்பின்: ஒரு டன்னுக்கு 24.1
- டி-90: 46.5 டன், 1,000 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு 21.5
- அர்ஜுன் எம்.கே.-1: 58.5 டன், 1,400 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு 23.9
- அர்ஜுன் எம்.கே.-1ஏ: ஏறத்தாழ 68 டன், 1,400 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு 20.6

இப்பட்டியலிலிருந்து இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, ஐம்பது ஆண்டுப் பழைய வடிவமைப்பு ஒன்று இயந்திர மாற்றத்தால் மட்டும் நகர்திறனில் ஏனையவற்றை எட்ட இயலும். இரண்டாவது, இயந்திரத்தை மாற்றாமல் கவசத்தையும் கருவிகளையும் மட்டும் சேர்த்தால், புதிய டாங்கியும் தன் நகர்திறனை இழக்கும்.

எடையின் விளைவு டாங்கியோடு முடிவதில்லை. பஞ்சாப் சமவெளியில் கால்வாய்களும் சிறு பாலங்களும் மிகுதி. அப்பாலங்களும், படையினர் தற்காலிகமாக அமைக்கும் பாலங்களும் தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. டாங்கிகள் நெடுந்தொலைவு தொடர்வண்டியில் கொண்டுசெல்லப்படுவதால், அகலத்திற்கும் எல்லை உண்டு. அர்ஜுன் டாங்கிகள் ராஜஸ்தான் பாலைவனப் பகுதிக்கே வழங்கப்பட்டதற்கு இவையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இருதரப்பு வாதங்கள்

மேம்பாட்டை ஆதரிப்போர் கூறுவன:

- செலவு குறைவு. உடற்கூடு, சக்கரங்கள், பீரங்கி போன்றவற்றை மீண்டும் செய்ய வேண்டியதில்லை.
- காலம் குறைவு. சில ஆண்டுகளில் பெருந்தொகையான டாங்கிகளைப் புதுப்பிக்க இயலும்.
- வீரர்களுக்கும் பழுதுநீக்குவோருக்கும் பழகிய ஊர்தி. புதிய பயிற்சி குறைவாகவே தேவைப்படும்.
- உதிரி உறுப்புகளும் குண்டுகளும் ஏற்கெனவே இருப்பில் உள்ளன.

புதிய வடிவமைப்பை ஆதரிப்போர் கூறுவன:

- குழுவினரின் உயிர்ப் பாதுகாப்பு போன்ற அடிப்படைக் குறைகளை மேம்பாட்டால் நீக்க இயலாது. அர்ஜுனில் குண்டுகள் பாதுகாப்புக் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருப்பதை இவர்கள் சுட்டுகின்றனர்.
- ஒவ்வொரு மேம்பாடும் எடையைக் கூட்டி, எஞ்சிய உள்ளிடத்தைக் குறைத்து, அடுத்த மேம்பாட்டைக் கடினமாக்குகின்றது.
- வடிவமைப்புத் திறன் பயன்படுத்தப்படாவிட்டால் அழிந்துவிடும். ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் ஓய்வு பெற்றுவிட்டால், அடுத்த டாங்கியை மீண்டும் தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டும்.
- வெளிநாட்டு டாங்கியை மேம்படுத்தும்போது முதன்மை உறுப்புகளுக்கு அந்நாட்டையே சார்ந்திருக்க நேரிடுகின்றது.

புதிய வடிவமைப்பும் சார்புநிலையை முற்றாக நீக்குவதில்லை என்பது இதற்கு மறுப்பாகக் கூறப்படுகின்றது. அர்ஜுனின் இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் ஜெர்மானியத் தயாரிப்புகள் ஆகும். இக்குறையைப் போக்கும் நோக்கில், உள்நாட்டில் உருவாக்கப்பட்ட 1,500 குதிரைத்திறன் இயந்திரம் 2024 மார்ச் 20 அன்று மைசூரில் உள்ள பி.இ.எம்.எல். வளாகத்தில் முதன்முறையாக இயக்கிச் சோதிக்கப்பட்டது.

லடாக்கும் சொராவர் டாங்கியும்

2020இல் கிழக்கு லடாக்கில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றபோது டி-72, டி-90 டாங்கிகள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் கைலாசத் தொடரின் உயரங்களுக்கு அவை ஏற்றப்பட்டன. சமவெளிப் போருக்காக வரையப்பட்ட டாங்கிகள் மெல்லிய காற்றிலும் கடுங்குளிரிலும் இயங்க வேண்டியிருந்தது. காற்றில் உயிர்வளி குறைவதால் டீசல் இயந்திரத்தின் திறன் குறைகின்றது. எதிரணியில் சீனா, மலைப்பகுதிக்கு ஏற்ற எடை குறைந்த டைப் 15 டாங்கியை வைத்திருந்தது.

45 டன் டாங்கி ஒன்றை எவ்வளவு மேம்படுத்தினாலும் 25 டன் டாங்கியாக மாற்ற இயலாது. எனவே இங்குப் புதிய வடிவமைப்பே வழியாயிற்று. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் இணைந்து சொராவர் என்னும் இலகு டாங்கியை உருவாக்கின. 25 டன் எடையும் 105 மி.மீ. பீரங்கியும் கொண்ட இது, 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் காட்டப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் 4,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் சுட்டுச் சோதிக்கப்பட்டது. அர்ஜுனோடு ஒப்பிட இதன் வடிவமைப்புக் காலம் மிகக் குறைவு. பீரங்கியுடன் கூடிய சுழல் கோபுரத்தையும் இயந்திரத்தையும் புதிதாக உருவாக்காமல், பிற நாடுகளில் ஏற்கெனவே உள்ளவற்றைப் பயன்படுத்தியது இதற்கு ஒரு காரணமாகும்.

அடுத்த தலைமுறை

டி-72 டாங்கிகளுக்கு மாற்றாக வருங்காலப் போர் ஊர்தி என்னும் திட்டத்தைத் தரைப்படை முன்வைத்தது. 2021 ஜூனில் வெளியிடப்பட்ட தகவல் கோரும் அறிக்கையில் 1,770 ஊர்திகள் தேவை எனக் குறிப்பிடப்பட்டது. 2024 செப்டம்பர் 3 அன்று பாதுகாப்புக் கொள்முதல் குழு இத்திட்டத்திற்குத் தேவை ஏற்பு வழங்கியது. தேவை ஏற்பு என்பது கொள்முதல் நடைமுறையின் முதற்படியே ஆகும். அதன்பின் வடிவமைப்பு, மாதிரி, களச் சோதனை, உற்பத்தி ஆகிய கட்டங்கள் உள்ளன.

இதற்குப் பின் ஆறே மாதங்களில் டி-72க்கான புதிய இயந்திர ஒப்பந்தம் கையெழுத்தானது. மாற்றப்பட வேண்டிய டாங்கிக்கே புதிய இயந்திரம் வாங்கப்படுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் புதிய டாங்கி எண்ணிக்கையில் வந்து சேரும் வரை எல்லையில் நிற்கப்போவது டி-72 என்பதே இதன் பொருள்.

மதிப்பீடு

இந்தியப் பட்டறிவில் மேம்பாடும் புதிய வடிவமைப்பும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே பேசப்பட்டன. உண்மையில் அவை வெவ்வேறு காலத் தேவைகளை நிறைவு செய்பவை. புதிய டாங்கி ஒன்றுக்குப் பதினைந்து முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் வரை தேவைப்படலாம். அந்த இடைவெளியை மேம்பாடே நிரப்ப வேண்டும். மேம்பாட்டிற்கோ வடிவமைப்பிலேயே அமைந்த எல்லை உண்டு. அந்த எல்லையை எட்டும்போது புதிய டாங்கி ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்று தள்ளிவைக்கப்படும்போது, அதன் விலையைப் பழைய டாங்கியில் அமர்ந்திருக்கும் மூவரே செலுத்துகின்றனர்.

அர்ஜுன் டாங்கிகள் இருமுறையும் கோரப்பட்டவை சேர்த்து 242 மட்டுமே. டி-72, டி-90 ஆகியவற்றின் எண்ணிக்கை மூவாயிரத்தை ஒட்டியது. இதனால் புதிய வடிவமைப்பு பற்றிய விவாதம் எவ்வளவு முதன்மையானதாயினும், பெரும்பான்மை வீரர்களின் பாதுகாப்பு மேம்பாட்டுத் திட்டங்கள் உரிய காலத்தில் முடிவதையே சார்ந்துள்ளது.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. அதன்பின் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகனங்கள் நிகாம் நிறுவனத்தின் கீழ் இயங்கி வருகின்றது. டி-72இன் புதிய இயந்திரங்களும் அர்ஜுன் எம்.கே.-1ஏ டாங்கிகளும் இந்நிறுவனத்தின் பொறுப்பிலேயே உள்ளன.

இவற்றையும் பார்க்க

- அர்ஜுன் (டாங்கி)
- விஜயந்தா (டாங்கி)
- டி-72
- டி-90
- மெர்காவா
- ஆவடி
- கனரக வாகனத் தொழிற்சாலை